நட்சத்திரத்தின் உடலும் நம் தட்டும்

முனிர்காவில் ஆட்டோ பிடித்தால் வெளிவட்டச் சாலை வழியே சில நிமிடங்களில் வசந்த் விஹாரின் பசந்த் லோக் சந்தைக்குப் போய்விடலாம். இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை 1996 அக்டோபர் 13 அன்று அங்கேதான் திறக்கப்பட்டது. மாட்டிறைச்சி விற்காத முதல் மெக்டொனால்ட்ஸ் உலகத்திலேயே அதுதான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2001-இல், சப்வே தன் முதல் இந்தியக் கடையைச் சாகேத்தில் திறந்தது. அதுவும் தெற்கு டெல்லிதான். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள், முனிர்காவின் குறுகிய சந்துகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடகிழக்கு இளைஞர்கள், ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்று இந்த வட்டாரத்தில் ஒரு முழுத் தலைமுறை இந்த உணவோடு வளர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் பர்கர் வெறும் பர்கராகவே விற்றது. ருசி, விலை, குளிரூட்டிய கூடம், பிறந்தநாள் விருந்து ஆகியவைதான் அதன் கவர்ச்சி. உடம்புக்கு நல்லது என்று அன்று யாரும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று நிலைமை வேறு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, மேற்கு, தென்னிந்திய மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2024-இல் சிறுதானிய பன்னையும் 2025-இல் 5 கிராம் புரதம் கொண்ட ஒரு துண்டையும் அறிமுகப்படுத்தியது. அந்தப் புரதம் உண்மையானது, எண்ணும் சரியானது. ஆனால் அந்தத் துண்டு பர்கரோடு கூடுதலாகச் சேர்கிறது, பர்கரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கும் கோலாவும் அப்படியே இருக்கின்றன. 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அந்தத் துண்டு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும் 'புரதம்' என்ற சொல் முழுச் சாப்பாட்டின்மீதும் ஒரு நல்ல பெயரைப் பரப்பிவிடுகிறது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நல்ல உடற்கட்டுள்ள, ஊருக்கே பிடித்த ஒரு முகமும் வந்து நின்றுவிட்டால் நம் மனமும் வயிறும் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி அறிவியல் ஓரளவு தெளிவாகவே பேசத் தொடங்கியிருக்கிறது.

உணவுக்குப் பக்கத்தில் ஓர் உடலை நிறுத்தி விற்கும் இந்த உத்தியின் மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த ஜேரட் ஃபோகல் என்ற மாணவர் சுமார் 190 கிலோ எடை இருந்தார். தினமும் இரண்டு சப்வே சாண்ட்விச்சுகள், கொஞ்சம் சிப்ஸ், சர்க்கரையில்லாக் குளிர்பானம், பிறகு நிறைய நடை. ஏறக்குறைய ஓராண்டில் 110 கிலோ குறைந்தார். 2000 ஜனவரியில் சப்வே அவரை விளம்பரத்தில் காட்டியது. தன் பழைய பெரிய கால்சட்டையை அவர் விரித்துப் பிடித்துக் காட்டும் காட்சி உலகப் புகழ் பெற்றது. சாதாரண மாணவர் நட்சத்திரமானார், சப்வேயும் 'ஆரோக்கியமான துரித உணவு' என்ற இடத்தைப் பிடித்தது. 2015-இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக அவர் சிறைக்குப் போகும்வரை, பதினைந்து ஆண்டுகள் அந்தக் கதை சாண்ட்விச் விற்றது.

இந்தக் கதையை அறிவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். அவர் சாப்பிட்ட சாண்ட்விச்சில் மயோனைஸும் இல்லை, சீஸும் இல்லை. முன்பு தின்ற அளவோடு ஒப்பிட்டால் அவர் எடுத்துக்கொண்ட ஆற்றல் பல மடங்கு குறைந்திருந்தது, நடையும் கூடியிருந்தது. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உண்டால் எடை குறையும். அந்தக் குறைவு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று கொழுப்புச் செல்லுக்குத் தெரியாது. 2010-இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் இதைத் தன் உடம்பிலேயே காட்டினார். நாளொன்றுக்கு 1800 கிலோகலோரி என்று வரம்பு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் கடையில் விற்கும் கிரீம் கேக்குகளையும் பிஸ்கட்டுகளையும் தின்றே பத்து வாரத்தில் 12 கிலோ குறைந்தார். கிரீம் கேக் எடையைக் குறைக்கும் உணவு என்று இதை வைத்து யாரும் சொல்ல மாட்டார்கள். அயோவா மாநிலத்தில் ஜான் சிஸ்னா என்ற அறிவியல் ஆசிரியரும் 90 நாள் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டுமே கணக்குப் பார்த்துச் சாப்பிட்டு எடை குறைந்தார். அந்த நிறுவனம் அவரைத் தன் தூதராக வைத்துக்கொண்டது. அவரைப் பற்றிய படம் பள்ளிக்கூடங்களில் காட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு 2016-இல் அந்த ஏற்பாடு நின்றது.

ஒரே ஒருவரின் உடல். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. உணவோடு மாறிய மற்றக் காரணங்களுக்குக் கணக்கும் இல்லை. ஒரு மருந்துக்கு இந்த அளவு சான்றைக் கொண்டுவந்தால் எந்த மருத்துவ இதழும் திருப்பி அனுப்பிவிடும். உணவு என்று வந்தால் மட்டும் நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

ஏன் ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கு 1920-லேயே ஒரு தடயம் கிடைத்தது. எட்வர்ட் தோர்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண். ஆனால் ஒன்றில் உயர்வாக மதிக்கப்பட்டவர் மற்றவற்றிலும் உயர்வாகவே மதிக்கப்பட்டிருந்தார். ஒரு நல்ல குணத்தின் ஒளி மற்றக் குணங்களின்மீதும் படர்ந்துவிடுகிறது. இதை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். மனிதர்களிடம் நடப்பது கடைகளிடமும் நடக்கிறது.

2007-இல் பியர் ஷான்டோனும் பிரையன் வான்சிங்கும் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொன்னது. மெக்டொனால்ட்ஸில் சாப்பிட்டு வெளியே வந்தவர்களிடமும் சப்வேயில் சாப்பிட்டு வந்தவர்களிடமும், நீங்கள் சாப்பிட்டதில் எவ்வளவு கலோரி இருக்கும் என்று கேட்டார்கள். சப்வேக்காரர்கள் உண்மையான அளவைவிட மிகவும் குறைத்துச் சொன்னார்கள். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்தது. பிரதான உணவு ஆரோக்கியமானது என்று நம்பும்போது மக்களுக்குப் பக்க உணவிலும் பானத்திலும் இனிப்பிலும் கை தாராளமாகிவிடுகிறது. வான்சிங்கின் வேறு பல ஆய்வுகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன, அவரும் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து விலக நேர்ந்தது. ஆகவே இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது சரியல்ல. நல்லவேளையாக, வேறு ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு சோதனை இதைவிட ஆழமாகப் போகிறது. என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே அதுதான்.

யேல் பல்கலைக்கழகத்தில் அலியா கிரம் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 46 பேருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கொடுத்ததன் மேல் '620 கலோரி, ஆசைதீரச் சுவைக்க' என்ற பொருளில் எழுதியிருந்தது. இன்னொரு வாரம் கொடுத்ததன் மேல் '140 கலோரி, கொழுப்பில்லாதது, பொறுப்பான தேர்வு' என்ற பொருளில் எழுதியிருந்தது. உண்மையில் இரண்டு முறையும் ஒரே ஷேக்தான், 380 கலோரி. குடிப்பதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ரத்தத்தில் கிரெலின் என்ற ஹார்மோனை அளந்தார்கள். இரைப்பையில் சுரக்கும் இந்த ஹார்மோன்தான் மூளைக்குப் பசியைச் சொல்வது. வயிறு காலியாக இருக்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். 'ஆசைதீர' என்று நம்பிக் குடித்தவர்களுக்குக் கிரெலின் சரசரவென்று இறங்கியது. 'பொறுப்பான தேர்வு' என்று நம்பிக் குடித்தவர்களுக்கு அது ஏறக்குறைய அசையவே இல்லை. வயிற்றுக்குள் போன பால், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒன்றுதான். மாறியது ஒட்டிய தாள் மட்டும்.

2011-இல் வெளியான இது சிறிய ஆய்வுதான். ஆனால் அது காட்டும் திசை கவலை தருகிறது. ஆரோக்கியமான உணவு என்று நம்பிச் சாப்பிட்டால், நிறையச் சாப்பிட்ட பின்பும் உடம்பு போதும் என்று சொல்லத் தயங்குகிறது. ஒளிவட்டம் கண்ணை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, பசியின் வேதியியல்வரை இறங்கிவிடுகிறது. ஒரு விளையாட்டு வீரரின் முகத்தைப் பார்த்து ஓர் உணவை 'லேசானது' என்று மனம் குறித்துக்கொண்டால் அந்தக் குறிப்பு இரைப்பைக்கும் போய்ச் சேரக்கூடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்தார். இரண்டிலும் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பதுதான் விதி. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி அதிகமாகத் தின்றார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினார்கள். மென்மையான உணவை வேகமாகத் தின்றது ஒரு காரணமாக இருக்கலாம். தானே அதிகம் தின்னவைக்கும் உணவுக்கு, போதும் என்ற உணர்வைத் தாமதப்படுத்தும் ஒரு நற்பெயரும் கிடைத்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

குழந்தைகளிடம் முகத்தின் வலிமை இன்னும் கூடுதல். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எம்மா பாய்லண்ட் குழு 8 முதல் 11 வயது வரையிலான 181 குழந்தைகளிடம் சோதித்தது. இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினேகர் வாக்கர்ஸ் சிப்ஸ் விளம்பரத்தில் பல ஆண்டுகள் வந்தவர். அந்த விளம்பரத்தைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பெயர் ஒட்டிய சிப்ஸை அதிகம் தின்றார்கள். இதில் ஆச்சரியமில்லை. ஆனால் விளம்பரமே இல்லாமல், அவர் கால்பந்து நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்குவதை மட்டும் பார்த்த குழந்தைகளும் அதே போல அதிகம் தின்றார்கள். அந்த முகமே விளம்பரமாகிவிட்டது. அதன்பின் தொலைக்காட்சியில் விளம்பரம் எந்த நேரத்தில் வரலாம் என்று கட்டுப்படுத்துவதில் எவ்வளவு பயன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு வீரர்கள் எந்த உணவுகளுக்கு முகம் கொடுக்கிறார்கள் என்று மேரி பிராக் குழு 2013-இல் கணக்கெடுத்தது. நூறு முன்னணி வீரர்கள் விளம்பரப்படுத்திய 62 உணவுப் பொருட்களில் 79 விழுக்காடு ஆற்றல் மிகுந்து ஊட்டம் குறைந்தவை. 46 பானங்களில் 93 விழுக்காட்டுக்கு, அவற்றின் கலோரி முழுவதும் சேர்த்த சர்க்கரையிலிருந்தே வந்தது. 2021-இல் சப்வே அமெரிக்காவில் தன் உணவுப்பட்டியலைப் புதுப்பித்தபோது செரீனா வில்லியம்ஸ், ஸ்டீஃபன் கரி, டாம் பிராடி ஆகியோரை விளம்பரத்தில் கொண்டுவந்தது. பிராடி ரொட்டியை விலக்குபவர் என்று பரவலாக அறியப்பட்டவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்லாந்து உச்ச நீதிமன்றம், சப்வே ரொட்டியில் மாவின் எடையில் 10 விழுக்காடு சர்க்கரை இருப்பதால் வரிச்சலுகைக்கு உரிய 'ரொட்டி' என்ற வகையில் அது சேராது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சட்டத்தின் வரம்பு 2 விழுக்காடு.

நம் நாட்டில் நட்சத்திரமும் ஆரோக்கியமும் நேரடியாக மோதிய வழக்கு ஒரு துரித உணவுக் கடையைப் பற்றியதல்ல, நூடுல்ஸைப் பற்றியது. 2015 மே மாதக் கடைசியில் ஹரித்வார் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் நடிகை மாதுரி தீட்சித்துக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். அவர் விளம்பரம் செய்த மேகி ஓட்ஸ் நூடுல்ஸ் உடம்புக்கு நல்லது என்று எந்த அடிப்படையில் சொல்லப்பட்டது என்பது கேள்வி. மிக நல்ல கேள்வி. ஆனால் அதே நாட்களில் மேகியில் ஈயம் இருப்பதாகப் புகார் வெடித்தது. ஜூன் 5 அன்று நாடு முழுவதும் தடை. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், சோதனைச் சாலைகள் முறையாக அங்கீகாரம் பெறாதவை, நிறுவனத்தின் தரப்பு கேட்கப்படவில்லை என்று சொல்லித் தடையை ரத்து செய்தது. ஈயம் பற்றிய சண்டையில் ஓட்ஸ் பற்றிய கேள்வி காணாமல் போயிற்று. நச்சு இருக்கிறதா இல்லையா என்பதையே நாம் கேட்டோம். நச்சே இல்லாத ஓர் உணவைத் தினசரி உணவாக, ஆரோக்கிய உணவாக விற்கலாமா என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

மேகி சர்ச்சையின் சூட்டில் 2016-இல் நாடாளுமன்ற நிலைக்குழு, தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்குச் சிறைத் தண்டனைகூட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அவர்களுக்கான சிறை போய், அபராதம் நின்றது. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டோ மூன்றாண்டோ விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். உண்மையா என்று உரிய முறையில் விசாரித்துவிட்டுத்தான் நடித்தேன் என்று காட்டினால் அபராதம் இல்லை.

இந்தச் சட்டம் தேவையானது. ஆனால் அது பொய்யைத் தேடுகிறது. ஒளிவட்டத்துக்குப் பொய் தேவையில்லை. வீரர் ஓடுகிறார், வியர்வையைத் துடைக்கிறார், ஒரு கடி கடித்துச் சிரிக்கிறார். ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லவில்லை. சரிபார்க்க ஒரு வாக்கியமும் இல்லை.

விளம்பரம் காட்டாததை அளந்து காட்டும் வேலையை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தொடர்ந்து செய்துவருகிறது. 2019 டிசம்பரில் அது 33 உணவுகளின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. சிப்ஸ், நூடுல்ஸ், சூப் போன்ற பொட்டல உணவுகள் 14. பர்கர், பீட்சா, சாண்ட்விச், பொரித்த கோழி போன்ற துரித உணவுகள் 19. நாளொன்றுக்கு உப்பு 5 கிராம், கொழுப்பு 60 கிராம் என்ற அளவுகோலை வைத்து, உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்போது வரைவாக வைத்திருந்த வரம்புகளோடு ஒப்பிட்டார்கள். அந்த வரைவு சட்டமாகியிருந்தால் 33-க்கும் சிவப்பு எச்சரிக்கை விழுந்திருக்கும். 'காய்கறி நிறைந்த' சாண்ட்விச்சுக்கும் சேர்த்துத்தான். இதற்குக் காரணம் காய்கறி அல்ல. கீரைக்கும் வெள்ளரிக்கும் கலோரி மிகக் குறைவு. ஆனால் ஒரு மேசைக்கரண்டி வழக்கமான மயோனைஸில் மட்டும் ஏறத்தாழ 90 கிலோகலோரி இருக்கிறது. உப்பு ரொட்டியிலும் சீஸிலும் சாஸிலுமாகப் பிரிந்து கிடப்பதால் நாக்குக்கு அதன் மொத்த அளவு தெரிவதில்லை.

இதெல்லாம் யாருக்கு வலிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். சென்னையின் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. துரித உணவு மட்டுமே இதற்குக் காரணமல்ல. நம் வீட்டுச் சோற்றின் அளவும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் அதில் உண்டு. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உடம்புகளிடம்தான் இந்த விளம்பரங்கள் பேசுகின்றன. முனிர்காவில் பாபா கங்நாத் சாலையில் தேசியச் சுகாதார மற்றும் குடும்பநல நிறுவனம் இருக்கிறது. நாட்டின் சுகாதார அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் இடம் அது. அங்கே பயிற்சி பெற்றுப் போகிறவர்கள் ஊர் ஊராகச் சொல்லவேண்டிய செய்தியோடு போட்டியிடுவது கிரிக்கெட் வீரர்களின் முகம்.

மறுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், தான் குடிக்காத குளிர்பானத்தை விளம்பரம் செய்ய மாட்டேன் என்று பெரும் பணத்தை விட்டுக்கொடுத்தார். அப்போது அவர் பணக்காரர் அல்லர். 2017-இல் விராட் கோலி பெப்சி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஒருவர் விலகிய இடத்துக்கு மற்றொரு முகம் வந்துவிடுகிறது என்பதால் தனிமனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி ஒரு நாட்டின் உணவுக் கொள்கையை நடத்த முடியாது.

கொள்கையில் ஓட்டை எங்கே என்பதும் தெளிவாகவே தெரிகிறது. 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் அலைவரிசைகளிலும் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரத்தைத் தடுக்கின்றன. ஆனால் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட் போட்டி குழந்தைகள் நிகழ்ச்சி அல்ல. அதே நெறிகள், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தில் விளையாட்டு, இசை, திரைப் பிரபலங்கள் வரக்கூடாது என்றும் சொல்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சட்டப்படி சுகாதார எச்சரிக்கை கட்டாயமான பொருளாகவோ குழந்தைகள் வாங்கக்கூடாத பொருளாகவோ அது இருக்க வேண்டும். பர்கருக்கு அப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது. 2016-இல் சிலி நாடு பொட்டல உணவுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்த வரைவோ எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திர மதிப்பெண் தரப் பார்த்தது. எச்சரிக்கை என்று ஒன்று சட்டத்தில் வராதவரை, பிரபலங்களைத் தடுக்கும் அந்த விதி உணவின் பக்கம் திரும்பாது.

இன்னொன்றை உடனே செய்யலாம், அதற்குப் புதிய ஆய்வுகூடத் தேவையில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே அதன் கலோரியை மெனுவில் அச்சிட வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. சராசரி ஆளுக்கு நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவை என்ற குறிப்பும் அதோடு இருக்க வேண்டும். உணவு வரவழைக்கும் செயலிகளும் அந்த விவரத்தைத் தர வேண்டும். முனிர்காவில் அறையில் உட்கார்ந்து செல்போனில் ஆர்டர் செய்யும் மாணவர் அதைத் தேடிப் பார்க்கலாம், பக்க உணவையும் பானத்தையும் கூட்டியும் பார்க்கலாம். அந்த விதி மெனுவோடு நின்றுவிடுகிறது, விளம்பரத்துக்கு வருவதில்லை. ஆசை பிறக்கும் இடத்தில் முகம் மட்டும், காசு கொடுக்கும் இடத்தில் எண் மட்டும் என்று இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. நட்சத்திரம் கடிக்கும் அந்த உணவின் கலோரி, உப்பு, சர்க்கரை மூன்றையும் அவர் முகம் தெரியும் அதே சட்டகத்தில், அவர் பெயர் எழுதப்படும் அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்று விதித்தால் போதும். எண் ஏற்கெனவே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.